ஹாக்கி வீரர் தியான் சந்த்

எத்துறையை எடுத்துக்கொள்ளினும், அத்துறையில் தலைசிறந்தோர் யாவர் என்று ஆராய்வது மக்கட்கு இயல்பு. நம் தமிழ் நாட்டிலோ அவ்வியல்பு சற்று மிகுதியாகவே காணப்படுகின்றது. கம்பர் பெரியரா, ஒட்டக்கூத்தர் பெரியரா என்னும் வழக்குப் பல தலைமுறைகளாக முடிவு பெறாமல் நடந்து வருகின்றது. விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என்னும் மூவேந்தர் அவைக்களத்தை அணி செய்த அக்கூத்தரின் பெயரோடு தொடர்புடையது எம் ஊராகிய தாராசுரம். ஆதலின், யார் பெரியர் என்னும் வாதம் எம் ஊரார்க்கு முன்னோர் வைத்துச் சென்ற சொத்து என்று நகையாகக் கூறினும் பொருந்தும்.

இக்காலத்து இளைஞர், புலவர்களைப் பற்றி வாதிடுவதினும் விளையாட்டு வீரர்களைப் பற்றி வாதிடுவதே மிகுதி. தை மாதத்து அறுவடை முடிந்து, வயல்கள் காய்ந்து கிடக்கும் நாட்களில், வளைந்த கழியும் பந்துமாக ஆடி இளைத்த பின்னர், வரப்பின்மேல் அமர்ந்து அவர்கள் தொடங்கும் வாதம் விளக்கேற்றும் வேளையிலும் ஓய்வதில்லை. ஹாக்கி ஆட்டத்தில் எக்காலத்துக்கும் முதல்வர் யார் என்பதே அவ்வாதத்தின் பொருள். தமிழ்ப் பெற்றோர்க்குப் பூனாவை அடுத்த கட்கியில் பிறந்து, நான்கு ஒலிம்பிக் பந்தயங்களில் ஆடிய தன்ராஜ் பிள்ளையே முதல்வர் என்பார் சிலர். 1952ஆம் ஆண்டு ஹெல்சின்கியில் நடந்த இறுதியாட்டத்தில் இந்தியா அடித்த 6 கோல்களில் 5 கோல்களைத் தாமே அடித்த பல்பீர் சிங்கே முதல்வர் என்பார் வேறு சிலர். ஆஸ்திரேலிய நாட்டு ஜேமி டுவயர், ஒல்லாந்து நாட்டு டியூன் டி நூயர், பாகிஸ்தானத்து ஷாபாஸ் அகமது என்று பிற நாட்டார் பெயர்களும் வரும். எல்லார் வாதமும் கேட்ட பின்னர் எவரேனும் ஒருவர் தியான் சந்தின் பெயரைச் சொல்வார். சிறிது நேரம் அமைதி உண்டாகும். பின்னர் வாதம் முன்னினும் உரக்கத் தொடங்கும்.

தாராசுரத்து ஐராவதேசுவரர் கோயிலில் ஒரு சிற்பம் உண்டு. அதில் காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கிட்டுக் கொண்டு நிற்கின்றன. ஒரு பக்கத்தை மறைத்துப் பார்ப்பார்க்கு அது யானை. மறு பக்கத்தை மறைத்துப் பார்ப்பார்க்கு அது காளை. யார் முதல்வர் என்னும் வாதமும் பெரும்பாலும் இத்தகையதே. கோல்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பான் ஒருவன். வெற்றிப் பதக்கங்களை மட்டும் பார்ப்பான் மற்றொருவன். தன் ஊரானா, தன் மொழியானா என்று பார்ப்பான் மூன்றாமவன். கையை எடுத்துவிட்டு முழுமையும் பார்த்தால் அன்றி உண்மை விளங்காது. ஆதலின், வாதத்தைச் சற்றே நிறுத்தி, அப்பெரியாரின் வாழ்க்கையை முழுமையாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தியான் சந்த் 1905ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தியான் சிங் என்பது. தந்தையார் சமேஷ்வர் சிங் ஆங்கில அரசாங்கத்தின் இந்தியப் பட்டாளத்தில் ஊழியம் பார்த்தவர். தாமும் பட்டாளத்தில் ஹாக்கி ஆடியவர். மூல் சிங், ரூப் சிங் என்போர் தியான் சந்தின் உடன்பிறந்தார். பட்டாளத்தாரின் குடும்பம் ஓரிடத்தில் நிலைத்திருப்பது அரிது. ஊர்விட்டு ஊர் மாறிக்கொண்டே இருந்தமையால் சிறுவரின் பள்ளிப்படிப்பு ஆறு ஆண்டுகளோடு நின்றுவிட்டது. பின்னர் அக்குடும்பம் ஜான்சி நகரில் குடியேறியது. அன்று முதல் அந்நகரமே அவர்க்குச் சொந்த ஊராயிற்று.

பெருவீரர்களின் சரித்திரம் எழுதுவோர், அவர்கள் தொட்டிலிலேயே தம் திறமையைக் காட்டினர் என்று புனைந்துரைப்பது வழக்கம். தியான் சந்தின் சரித்திரத்தில் அவ்வாறு புனைய இடமில்லை. இளமையில் அவர்க்கு விருப்பமாயிருந்தது மற்போரே. ஹாக்கியை அவர் கருத்தூன்றி ஆடியது பட்டாளத்தில் சேர்ந்த பின்னரே ஆகும். பத்தொன்பது இருபது வயதில் இனி நமக்கு ஒரு கலையும் வாராது என்று சோர்ந்திருக்கும் நம்போன்ற மாணவர் இதனை நினைவில் வைத்தல் நலம்.

1922ஆம் ஆண்டில், தம் பதினேழாம் வயதில், அவர் தில்லியிலிருந்த முதலாம் பிராமணப் படைப்பிரிவில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அப்படைப்பிரிவில் சுபேதார் மேஜர் பாலே திவாரி என்பவர் இருந்தார். அவர் ஹாக்கி ஆட்டத்தில் பெரும் பற்றுடையவர். புதிதாக வந்த இளஞ்சிப்பாயின் கையில் மட்டையைக் கொடுத்து, பந்தை எவ்வாறு தன்வயப்படுத்துவது, எவ்வாறு பிறர்க்கு அனுப்புவது என்று கற்பித்த முதலாசிரியர் அவரே. பகலெல்லாம் பட்டாளத்து வேலை. ஓய்வு கிடைப்பது இரவில்தான். மின்விளக்கில்லாத அக்காலத்து மைதானத்தில் நிலவொளியே விளக்காக அவர் தனித்துப் பயின்றார் என்றும், அது கண்ட தோழர் நிலவைக் குறிக்கும் சந்த் என்னும் சொல்லை அவர் பெயரோடு சேர்த்தழைத்தனர் என்றும் கூறுவர். எங்ஙனமாயினும், தியான் சிங் என்னும் பெயர் மறைந்து தியான் சந்த் என்னும் பெயர் நிலைத்தது.

1926ஆம் ஆண்டில் இந்தியப் பட்டாளத்தார் ஒரு ஹாக்கிக் குழுவை நியூசிலாந்துக்கு அனுப்பத் துணிந்தனர். இருபது வயதுச் சிப்பாயாகிய தியான் சந்துக்கும் அதில் இடம் கிடைத்தது. அக்குழு 21 ஆட்டங்கள் ஆடி, 18இல் வென்று, 2இல் சமநிலை எய்தி, ஒன்றில் மட்டும் தோற்றது. அடித்த கோல்கள் 192. அவற்றுள் நூற்றுக்கு மேற்பட்டவை தியான் சந்தின் மட்டையிலிருந்து பிறந்தவை. கடல் கடந்து புகழ் கொணர்ந்த வீரர்க்குப் பட்டாளத்தார் அளித்த பரிசு லான்ஸ் நாயக் என்னும் பதவி. சிப்பாய்க்கு அடுத்த முதற்படி அதுவே.

இந்திய ஹாக்கிச் சம்மேளனம் 1925ஆம் ஆண்டில் தோன்றியது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்துக்கு முதன் முதலாக இந்திய ஹாக்கிக் குழு சென்றது. அக்குழுவின் தலைவர் ஜெய்பால் சிங். அவர் சோட்டாநாகபுரி மலைநாட்டு முண்டா குலத்தில் தோன்றி, ராஞ்சி மிஷன் பள்ளியில் பயின்று, ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் சென்றவர். பின்னாளில் நம் நாட்டின் அரசியலமைப்பு மன்றத்தில் பழங்குடி மக்களின் குரலாய் விளங்கியவர். மலைநாட்டு மாணவரும், ஜான்சிச் சிப்பாயும், ஆங்கிலோ இந்தியரும், முஸ்லிம்களும் ஒரே குழுவாய் நின்ற காட்சி அந்நாளில் புதுமையானது.

1928ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பம்பாய்த் துறைமுகத்தில் அக்குழுவை வழியனுப்ப வந்தோர் மூவரே என்று சொல்வதுண்டு. ஆம்ஸ்டர்டாமில் ஆஸ்திரியாவை 6 கோல்களாலும், பெல்ஜியத்தை 9 கோல்களாலும், டென்மார்க்கை 5 கோல்களாலும், சுவிட்சர்லாந்தை 6 கோல்களாலும் இந்தியர் வென்றனர். இறுதியில் ஒல்லாந்தை எதிர்க்க வேண்டிய நாளில் குழுவினர் சிலர் நோயுற்றிருந்தனர். தலைவர் ஜெய்பால் சிங் அவ்வாட்டத்தில் இல்லை. பின்னிகர் தலைமை தாங்கினார். தியான் சந்தும் காய்ச்சலோடிருந்தார். எனினும் களம் இறங்கினார். இந்தியா 3 கோல்களால் வென்றது. ஐந்து ஆட்டங்களில் இந்தியர் அடித்தவை 29 கோல்கள். அவற்றுள் 14 தியான் சந்துடையவை. இந்தியக் கோலுக்குள் ஒருமுறையேனும் பந்து நுழைய இலக்குக் காவலர் ஆலன் இடங்கொடுத்தாரல்லர். போகும்போது மூவர் நின்ற பம்பாய்த் துறையில், திரும்பும்போது பெருங்கூட்டம் நின்றது. உலகத்தின் இயல்பு அதுதான் போலும்!

இனி, அக்காலத்து இந்தியர் ஆட்டத்தின் தன்மையைச் சிறிது கூறுதல் வேண்டும். ஐரோப்பியர் பந்தை ஓங்கி அடித்து அதன் பின்னே ஓடுவதில் வல்லவர். இந்தியரோ பந்தை மட்டையோடு ஒட்டிவைத்து, ஒருவரிடமிருந்து ஒருவர்க்குச் சிறுசிறு தூரமாகக் கைமாற்றிச் செல்வதில் வல்லவர். எம் ஊர்ப் பட்டுத் தறியில் பாவிழைகளினூடே நாடா அங்குமிங்கும் ஓடுவதைப் பார்த்திருப்பார்க்கு இது எளிதில் விளங்கும். கண் நாடாவைத் தொடர இயலாது. சிறிது நேரங்கழித்து நெய்த துணியை மட்டுமே காணலாம். தியான் சந்தின் ஆட்டமும் அத்தகையதே. பந்து அவர் மட்டையில் பசையால் ஒட்டப்பட்டிருக்கின்றதோ என்று கண்டார் ஐயுற்றனர் என்பதும், மட்டையை முறித்துச் சோதித்தனர் என்பதும் வழிவழியாகச் சொல்லப்படும் கதைகள். அக்கதைகளை நம்பினும் நம்பாவிடினும், அத்தகைய கதைகளைப் பிறப்பிக்கும் ஆட்டம் அவருடையது என்பதில் ஐயமில்லை.

1932ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயம் அமெரிக்காவிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்தது. வீரரைத் தேர்ந்தெடுப்பதற்கென மாகாணங்களுக்கிடையே பந்தயங்கள் நடத்தினர். அவற்றில் ஆடுவதற்குத் தியான் சந்துக்குப் பட்டாளத்தார் விடுமுறை தரவில்லை. எனினும் சோதனை எதுவுமின்றியே சம்மேளனத்தார் அவரைத் தெரிந்தெடுத்தனர். இம்முறை அவருடைய தம்பியார் ரூப் சிங்கும் குழுவில் இடம் பெற்றார். லால் ஷா புகாரி தலைவர். கொழும்பில் கப்பலேறிய இக்குழு, அங்கே இலங்கை வீரரோடும் ஆடிவிட்டுப் பசிபிக் மாகடலைக் கடந்து சென்றது.

உலகெங்கும் பொருள் முடை நிலவிய காலம் அது. நெடுந்தூரம் பயணம் செய்ய இயலாமையால் ஹாக்கிக்கு வந்த நாடுகள் இந்தியா, ஜப்பான், அமெரிக்கா என்னும் மூன்றே. இந்தியா ஜப்பானை 11க்கு 1 என்றும், அமெரிக்காவை 24க்கு 1 என்றும் வென்றது. அமெரிக்காவோடு ஆடிய ஆட்டத்தில் ரூப் சிங் 10 கோல்களும், தியான் சந்த் 8 கோல்களும் அடித்தனர். இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் தம்பிக்கு 13, தமையனுக்கு 12. தமையனைத் தம்பி விஞ்சிய இவ்விடத்தில் பொறாமைக்கு எவ்வளவோ இடமிருந்தது. ஆயினும் அவ்விருவரும் பின்னும் பல்லாண்டுகள் தோளோடு தோள் நின்று ஆடினர். தம்பியின் திறமையைத் தமையனார் தம் வாயாலேயே உயர்த்திக் கூறி வந்தார். அப்பிரயாணம் முழுவதிலும் நடந்த 37 ஆட்டங்களில் 34இல் இந்தியர் வென்றனர். அடித்த 338 கோல்களில் 133 தியான் சந்துடையவை.

நிற்க. அவருடைய ஆட்டங்களுள் மிகச் சிறந்தது எது என்று வினவினால், நாம் ஆம்ஸ்டர்டாம் என்போம். அல்லது பெர்லின் என்போம். அவர் கூறிய விடை வேறு. 1933ஆம் ஆண்டு கல்கத்தாவில் பெய்ட்டன் கோப்பைக்காக ஜான்சிக் குழுவுக்கும் கல்கத்தாச் சுங்கத்துறைக் குழுவுக்கும் நடந்த இறுதியாட்டத்தையே தம் வாழ்நாளின் தலைசிறந்த ஆட்டமாக அவர் தம் சுயசரிதையில் குறித்திருக்கின்றார். சுங்கத்துறையார் கல்கத்தாவின் பெருங்குழுவினர். அவர்கள் ஓயாது தாக்க, ஜான்சியார் தடுமாறினர். அந்நிலையில் களத்தின் நடுவிலிருந்து தியான் சந்த் நீண்டதொரு பந்தை முன்னே அனுப்பினார். இஸ்மாயில் என்னும் தோழர் பாதி மைதானத்தையும் ஓடிக் கடந்து அதனைக் கோலாக்கினார். அவ்வாட்டத்தில் விழுந்தது அந்த ஒரு கோலே. கோப்பை ஜான்சிக்கு வந்தது.

இங்கே வாசகர் ஒன்றைக் கருதிப் பார்த்தல் வேண்டும். ஆயிரக்கணக்கில் கோல் அடித்தவர் என்று பெயர் பெற்ற வீரர், தம் சிறந்த ஆட்டமாகத் தேர்ந்தெடுத்தது தாம் ஒரு கோலும் அடிக்காத ஆட்டத்தை. பிறன் அடிக்குமாறு பந்தைக் கொடுத்த நிமிடமே அவர் நெஞ்சில் நிலைத்திருந்தது. கோல் எண்ணிக்கை கொண்டே அவரை அளப்பவர், அவர் தம்மை எவ்வாறு அளந்துகொண்டார் என்பதை அறியாதவராவர்.

1935ஆம் ஆண்டில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா நாடுகளுக்குச் சென்ற இந்தியக் குழுவுக்குத் தியான் சந்த் தலைவரானார். 48 ஆட்டங்கள்; 48இலும் வெற்றி. 584 கோல்களில் 201 அவருடையவை. அப்பிரயாணத்தின்போதுதான் அடிலெயிடு நகரில் கிரிக்கெட் மேதையாகிய பிராட்மனும் அவரும் சந்தித்தனர். இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தத்தம் ஆட்டத்தின் எல்லையைக் கண்டவர்கள்.

மறு ஆண்டில் பெர்லின் ஒலிம்பிக் பந்தயம் வந்தது. அரைப்படிப்புச் சிப்பாய் இப்போது இந்தியக் குழுவின் தலைவர். ஜூலைத் திங்கள் 17ஆம் நாள் ஜெர்மானியக் குழுவோடு நடந்த பயிற்சியாட்டத்தில் இந்தியா 4க்கு 1 என்று தோற்றது. அத்தோல்வியால் தம்மவர்க்கு உணவு செல்லவில்லை என்றும், சிலர்க்கு அன்றிரவு உறக்கமும் வரவில்லை என்றும் தியான் சந்த் பின்னர் எழுதினார். தாரா என்னும் வீரரை உடனே அனுப்புமாறு தாய்நாட்டுக்குச் செய்தி போயிற்று. அவர் விமானமேறி அரையிறுதி ஆட்டத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தார். அதற்குள் ஹங்கேரி 4 கோல்களாலும், அமெரிக்கா 7 கோல்களாலும், ஜப்பான் 9 கோல்களாலும் வீழ்ந்தன. அரையிறுதியில் பிரான்சு 10 கோல்களால் வீழ்ந்தது. எஞ்சியது ஜெர்மனி.

இறுதியாட்டம் மழையால் ஒருநாள் தள்ளி ஆகஸ்டு 15ஆம் நாள் நடந்தது. ஆட்டத்துக்கு முன் உடைமாற்றும் அறையில் துணை மேலாளர் பங்கஜ் குப்தா காங்கிரசின் மூவண்ணக் கொடியை எடுத்து விரித்தார். வீரர் அனைவரும் அதற்கு வணக்கம் செலுத்திவிட்டுக் களத்துக்குச் சென்றனர். வெளியே அவர்கள் ஆடியது ஆங்கில ஆட்சியிலிருந்த இந்தியாவின் பெயரால். பட்டாளத்துச் சம்பளம் வாங்கும் தலைவர்க்கு அவ்வணக்கம் எளிய செயலன்று. சரியாகப் பதினொரு ஆண்டுகள் கழித்து அதே ஆகஸ்டு 15ஆம் நாளில் இந்நாடு விடுதலை பெற்றது!

ஈரமான தரையில் முதற்பாதி முடிந்தபோது இந்தியா பெற்றிருந்தது ஒரே கோல். இரண்டாம் பாதியில் தியான் சந்த் ஆணி பதித்த காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடலானார். அதன்பின் நேர்ந்ததை ஜெர்மானியர் நெடுங்காலம் மறந்திருக்கமாட்டார். ஆட்டம் 8க்கு 1 என்று முடிந்தது. ஜெர்மானிய இலக்குக் காவலர் மோதியதில் தியான் சந்தின் பல் ஒன்று போயிற்று என்றும், சிகிச்சை பெற்றுத் திரும்பிய அவர், பந்தை எதிரியின் கோல் வாயில் வரை கொண்டுபோய்க் கோல் அடிக்காமலே திருப்பிக் கொணருமாறு தோழர்க்குச் சொல்லி, பந்தை ஆளும் திறத்தைக் காட்டினார் என்றும் கூறுவர். ஜெர்மானிய சர்வாதிகாரி அவர்க்குப் பதவி தர முன்வந்தான் என்னும் கதையும் நாட்டில் பலவாறாக வழங்குகின்றது. அத்தகைய அணிகள் இல்லாமலே அவ்வெற்றி அழகியது.

மூன்று ஒலிம்பிக் பந்தயங்களையும் சேர்த்துக் கூட்டினால், 12 ஆட்டங்களில் இந்தியா அடித்தவை 102 கோல்கள், வாங்கியவை 3. தியான் சந்தின் பங்கு முப்பதுக்கு மேல். 1940, 1944ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் பந்தயங்கள் உலகப் போரினால் நடைபெறவில்லை. அவை நடந்திருப்பின் கணக்கு எங்கு முடிந்திருக்குமோ! போர்க்காலத்தில், 1943இல், அவர்க்கு லெப்டினென்டுப் பதவி கிடைத்தது. 1947-48இல் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியக் குழுவுக்கு அழைப்பு வந்தது. தியான் சந்த் வாரார் எனின் குழுவே வேண்டா என்பது அழைத்தோர் விதித்த நிபந்தனை. நாற்பத்திரண்டு வயதில் அவர் மீண்டும் மட்டையேந்திச் சென்று, 22 ஆட்டங்களில் 61 கோல்கள் அடித்தார்.

1952ஆம் ஆண்டில் அவருடைய சுயசரிதை நூலாக வெளிவந்தது. அதனை வெளியிட்ட பெருமை நம் சென்னைக்கு உரியது. ஸ்போர்ட் அண்டு பாஸ்டைம் என்னும் விளையாட்டு இதழாரே அதனை வெளியிட்டனர். நூலின் தொடக்கத்திலேயே அவர் தம்மைச் சாதாரண மனிதர் என்றும், அடுத்ததாகப் படைவீரர் என்றும் மட்டுமே அறிமுகம் செய்துகொள்கின்றார். 1956இல் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டே பத்மபூஷண் விருது கிடைத்தது. பின்னர்ப் பாட்டியாலா நகரிலுள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையத்தில் ஹாக்கி ஆசிரியராயிருந்து இளைஞரைப் பயிற்றினார். 1975ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை வெல்ல இந்தியாவுக்கு வழிசெய்த கோலை அடித்தவர் அவர் மைந்தர் அசோக் குமார். அதனைக் காணும் பேறு தந்தையார்க்கு வாய்த்தது.

இனி வாதத்துக்கு வருவோம். தியான் சந்த் முதல்வரல்லர் என்பார் கூறும் காரணங்கள் இரண்டு. அவர் காலத்தில் ஹாக்கி ஆடிய நாடுகள் சில. அவற்றின் திறமும் குறைவு என்பது ஒன்று. அவர் ஆடியது புல்தரையில். 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியால் ஒலிம்பிக் முதலாகச் செயற்கைத் தரையில் ஆட்டம் நடப்பதால் வேகமும் வலிமையும் வேறாயின, ஆதலின் இக்காலத்தார்க்கு அவர் நிகராகார் என்பது மற்றொன்று.

முதற்காரணத்தில் உண்மை இல்லாமலில்லை. மூன்று நாடுகளே கூடிய லாஸ் ஏஞ்சல்ஸ் வெற்றியை மட்டும் காட்டி ஒருவரை உலக முதல்வராக்கல் தகாது. ஆயின் 1936இல் ஜெர்மானியர் இந்தியரை 4க்கு 1 என்று வென்றவர்கள். அவர்களைத் திறமற்றவர் என்று எவ்வாறு கூறுவது? அவர்களையே ஒரு திங்களுக்குள் 8க்கு 1 என்று வென்றமையே தியான் சந்தின் தலைமைக்குச் சான்று. தோல்விக்குப் பின் எழுந்து நிற்றலே வலிமையை அளக்கும் கோல் ஆகும்.

இரண்டாங்காரணம் எவரையும் உயர்த்தவும் தாழ்த்தவும் உதவாது. புல்தரையில் வளர்ந்தவரைச் செயற்கைத் தரையிலும், செயற்கைத் தரையில் வளர்ந்தவரைப் புல்தரையிலும் நிறுத்திப் பார்ப்பார் யார்? ஐந்துமுறை உலகின் சிறந்த வீரராகத் தேர்வு பெற்ற டுவயரையும், ஒரே இறுதியாட்டத்தில் 5 கோல் அடித்த பல்பீரையும் அவரவர் காலத்து அளவுகோலால் அளப்பதே முறை. அவ்வாறு அளந்தால், தம் காலத்தாரினும் எவ்வளவு உயர்ந்து நின்றார் என்னும் வினாவே எஞ்சும். பல்பீரும் மூன்று ஒலிம்பிக் பந்தயங்களில் வென்றவர். குழுவுக்குத் தலைமையும் தாங்கியவர். ஆதலின் பதக்கக் கணக்கில் இருவரும் ஒத்தவரே. ஆயினும் பிற நாட்டார் ஒரு குழுவை அழைக்கும்போது, இவர் ஒருவர் இல்லையெனில் குழுவே வேண்டா என்று நாற்பத்திரண்டு வயதினர் ஒருவரைக் குறித்துக் கேட்டனர் எனின், அவ்வுயர்வுக்கு வேறு சான்றும் வேண்டுமோ? அதனோடு, பந்தைத் தாம் வைத்துக்கொள்ளாமல் தோழர்க்கு அளித்ததைத் தம் சிறந்த நிமிடமாகக் கருதிய நெஞ்சையும் சேர்த்து எண்ணும்போது, தியான் சந்தை முதல்வர் என்று கூற எமக்குத் தயக்கமில்லை. தன்ராஜ் பிள்ளையின் கட்சியார் இதற்காக எம்மீது சினங்கொள்ளாதிருப்பாராக. தமிழ்க் குருதி என்னும் ஒரு காரணத்தால் தீர்ப்பை மாற்றுதல் தமிழர்க்கு அழகன்று. 1980ஆம் ஆண்டு மாஸ்கோவில் தங்கப் பதக்கம் வென்ற குழுவுக்குத் தலைமை தாங்கிய பாஸ்கரன் நம் தமிழர் என்று மகிழ்வதற்கும் இத்தீர்ப்புத் தடையன்று.

ஆயின் இவ்வாதத்தில் வெல்வதினும் முக்கியமான ஒன்று உண்டு. தியான் சந்த் தம் இறுதி ஆண்டுகளை ஜான்சியில் பொருள் முடையோடும், பெரும்பாலோர் மறந்துவிட்ட நிலையிலும் கழித்தார். 1976இல் மாண்ட்ரியாலில் இந்திய ஹாக்கி ஏழாமிடத்துக்கு வீழ்ந்ததையும் அக்கண்களே கண்டன. ஈரலில் புற்றுநோய் கண்டு, தில்லிப் பெருமருத்துவமனையின் பொதுப்பிரிவில் கிடத்தப்பட்டு, 1979ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3ஆம் நாள் அவர் உயிர் துறந்தார். அவர் ஆடிப் பழகிய ஜான்சி மைதானத்திலேயே அவருடல் எரியூட்டப்பட்டது.

அதன் பின்னரே மரியாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மறு ஆண்டில் அஞ்சல் தலை வந்தது. தில்லியின் தேசிய விளையாட்டரங்குக்கு 2002இல் அவர் பெயர் இடப்பட்டது. அவர் பிறந்த ஆகஸ்டு 29ஆம் நாள் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகின்றது. நாட்டின் தலையாய விளையாட்டு விருது 2021 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இவையனைத்தும் தக்கனவே. எனினும் நோயாளிக்கு வேண்டியது மருந்து. முதியவர்க்கு வேண்டியது கவலையற்ற சோறு. அவற்றை உயிரோடிருக்கும்போது தாராமல், இறந்தபின் முதல்வர் என்னும் பட்டத்தைத் தாராளமாக வழங்குவதில் நமக்குச் செலவு ஒன்றுமில்லை.

எம் ஊர்க் கோயிலைக் கட்டுவித்த அரசன் பெயரை உலகம் அறியும். தேரும் குதிரையும் கல்லில் செதுக்கிய தச்சர் பெயரை அறிவார் யாருமிலர். இறந்தோர்க்கு அக்குறையை இனித் தீர்க்க வழியில்லை. ஆயின் இன்றும் ஒவ்வோர் ஊரிலும் ஒரு காலத்தில் மாவட்டத்துக்காகவோ மாகாணத்துக்காகவோ ஆடி, இப்போது மூப்பும் வறுமையும் எய்தியிருக்கும் வீரர் சிலர் இருத்தல் கூடும். அவர்கள் எவர்க்கும் முதல்வரல்லர். வாதத்தில் அவர்கள் பெயர் வருவதுமில்லை. அன்பார்ந்த மாணவ நண்பர்களே! முதல்வர் யார் என்று வாதிடும் நம் நாவுக்கு ஓய்வு கொடுத்து, அத்தகையார் இல்லத்தை ஒருமுறை தேடிச் செல்வோமாயின், தம்மைச் சாதாரண மனிதர் என்று எழுதிவைத்த அப்பெருவீரர்க்கு அதுவே நாம் செலுத்தும் மெய்யான மரியாதையாகும்.